கிரேடர் போன ஓரம்

சொத்துப் பிரித்தபோது
கார் வெண்டலுக்குப் போனது,
பூப்புத்தகம் எனக்கு வந்தது.
ஏழு செப்டம்பர்கள்
அவனுக்குப் பெயர் தெரியாத பூக்கள்,
எனக்குப் போய்ச்சேர முடியாத பூக்கள்.

இந்த வருஷம் அவனே கூப்பிட்டான்:
"வடக்கே நல்ல மழையாம்."
அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.
நானும் ஒன்றும் யோசிக்காமல்
பெரிய தெர்மாஸைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பெர்த்தைத் தாண்டியதும் கோதுமை.
கோதுமை தீர்ந்ததும் சிவப்பு மண்.
ரேடியோ இரைச்சலாகி, பிறகு அதுவும் இல்லை.
பேச வேண்டியிருந்தது.

முல்லேவா பெட்ரோல் பங்கில்
ரசீதின் முதுகில் வழி வரைந்து தந்தாள் ஒருத்தி.
மாடு தாண்டாமலிருக்கப் பதித்த கம்பிகள், இரண்டு இடம்.
வெள்ளை பூசிய பீப்பாய்.
அப்புறம் நாலு கிலோமீட்டர்,
ஆறாகவும் இருக்கலாம்.
நாலுக்கும் ஆறுக்கும் நடுவே
பழைய சண்டை முழுவதையும் போட்டு முடித்தோம்,
அவன் அம்மா கொடுத்த சோபா உட்பட.

இருபுறமும் கண்ணெட்டும் மட்டும் வெள்ளை, மஞ்சள்,
தொட்டால் காகிதமாய்ச் சரசரக்கிற கூட்டம்.
பஸ்ஸில் வந்தவர்கள் அதில் படுத்துப் படமெடுத்தார்கள்.
நாங்கள் தேடியது அது இல்லை.
நடுவில் வெறும் இலை, விளிம்பில் மட்டும் பூ,
தரையோடு தரையாக
ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.
மலர்வளையம் என்று பெயர்.
யார் போய்விட்டார் என்று கேட்கத் தோன்றும்.

முள்ளுக்குள் நடந்தோம்.
அரிதானது உள்ளேதான் இருக்கும் என்று
இருவருமே நம்பினோம்,
அன்று ஒத்துப்போன ஒரே விஷயம்.
மூன்று மணி நேரம்.
காலுறை முழுக்க ஒட்டிய விதைகள்,
எங்களைப் பார்த்துத் தலையசைத்த ஓர் ஓணான்.

திரும்பி வந்தால்
காரை ஒதுக்கிய சரளையில்,
பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி,
வெண்ணெய் நிறத்தில், சிவந்த ஓரத்தோடு,
பதினொன்று.
"ஏறியிருந்தால்?" என்றேன்.
"ஏறலையே" என்றான்.

புழுதியோடு வந்து நின்றது மஞ்சள் கிரேடர்.
சட்டைப் பையில் ராய்ஸ்டன் என்று தைத்திருந்தது.
எஞ்சினை அணைக்காமலே கத்தினார்:
"காட்டுக்குள்ளயா தேடினீங்க?
ரோட்டோரத்தை நான் சுரண்டிப் போட்டாத்தான் வரும் இது.
கிழிச்ச மண்ணுதான் பிடிக்கும்.
ஏன்னு என்னைக் கேக்காதீங்க."

கேட்கவில்லை.
பிளேடைத் தூக்கிக்கொண்டு
எங்கள் பதினொன்றையும் சுற்றிப் போனார்.
வெண்டல் ஒன்றின் பக்கத்தில் குந்தினான், தொடவில்லை.
தன் நிழல் அதன்மேல் விழுவதைப் பார்த்து
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.
அவன் அப்படி நகர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து வருகிறவர்களுக்காக
ரசீதில் சரியான தூரத்தை எழுதலாமென்று
பேனாவைத் திறந்தேன்.
காரின் கிலோமீட்டர் மீட்டர்
போன மாதமே நின்றுவிட்டதாம்.
இப்போதுதான் சொல்கிறான்.