இருநூற்றுப் பதினாறு, இருநூற்றுப் பதினேழு

எங்கள் ஹெல்விக் ஊரின் தீயணைப்பு வண்டிக்கு
முப்பத்தோரு வயது.
போன அக்டோபரில்
நோரீனின் வைக்கோல் கொட்டகை எரிந்தபோது
அதன் பம்ப் இருமி இருமித் துப்பிய தண்ணீரை
ஒரு வாளியில் பிடித்திருக்கலாம்.

ஆகவே இந்த ஜூலையில்
ஐஸ் ஹாக்கி அரங்கின் பின்புறப் புல்லில்
சுண்ணாம்புப் பொடியால் கோடு கிழித்தோம்.
இருபதுக்கு இருபது. நானூறு கட்டம்.
கட்டம் பத்து டாலர்.
நோரீனின் பசு பீட்ரிஸ்
எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறாளோ
அதை வாங்கியவருக்குப் பாதிப் பணம்,
பம்புக்கு மீதி.

பொருளாளர் நான்.
பிஸ்கட் டின்னும் நோட்டும் என்னிடம்.
காலையில் ஒரெஸ்ட் வந்து
இருநூற்றுப் பதினாறு என்றான்.
மதியம் அவன் தம்பி தாரஸ் வந்து
பட்டியலைப் பார்க்காமலே
இருநூற்றுப் பதினேழு என்றான்.
ஒரு வடிகால் வாய்க்கால் யாருடையது என்று
பதினோரு வருடமாய்ப் பேசாதவர்கள்.
பக்கத்துக் கட்டம் யாருடையதென்று
நான் சொல்லவில்லை.
பொருளாளரின் வேலை
பணம் எண்ணுவது மட்டும்தானே.

அதற்குள் ஊர் கூடி
வண்டியைக் கயிறு கட்டி இழுத்தாயிற்று.
போட்டிக்காகத்தான்,
ஆனாலும் அது தானாக ஓடுவதைவிட
வேகமாகத்தான் போனது.
காலைப் பான்கேக்கில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
ஏலத்தில் ஒரே ஒரு பெர்ரிப் பையை
சர்க்கரை வியாதிக்காரரான மாட்டு வைத்தியர்
முன்னூற்று நாற்பதுக்கு எடுத்தார்.
அப்படியும்
பை விற்றுப் பை நிறைகிற விலையில்லை
பம்ப்.

இரண்டு மணிக்கு பீட்ரிஸ் உள்ளே வந்தாள்.
முப்பத்தெட்டாம் கட்டத்தில் நின்று
அசை போட்டாள்.

மூன்று.

நான்கு மணிக்கு பாதிரியார் எல்ராய்
ஜெபம் செய்யலாமா என்றார்.
இதற்கென்று எந்த ஜெபம் என்று
அவருக்கே தெரியவில்லை.
வீட்டுக்குப் போக எழுந்தவர்கள்
இந்த நிமிஷம்தான் போடுவாள் என்று உட்கார்ந்தார்கள்.
உட்கார்ந்ததால் பசித்தது,
பசித்ததால் சாசேஜ் தீர்ந்தது.
எலுமிச்சைச் சாறு தீர்ந்து
வெறும் ஐஸைக்கூட விற்றோம்.
கொசு வந்தது. கொசு மருந்தையும் விற்றோம்,
ஒரு கைக்கு ஐம்பது சென்ட்.
கனோலா வயலின் மஞ்சள் மங்கிக்கொண்டிருக்க
அவள் அடக்கிக்கொண்ட ஒவ்வொரு மணிக்கும்
என் டின் கனத்தது.

எட்டு பத்துக்கு
வாலைத் தூக்கினாள்.
கோட்டின் மேல்.
இருநூற்றுப் பதினாறுக்கும் பதினேழுக்கும்
நடுக்கோட்டின் மேல்,
அளந்து வைத்தாற்போல.

எந்தப் பக்கம் அகலம் அதிகமோ
அந்தப் பக்கத்துக்கே பரிசு என்கிறது விதி.
தாரஸின் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும்.
ஆனால் நாடாவுக்கு இரண்டு முனை.
மறுமுனையைப் பிடிக்க யாரும் முன்வரவில்லை.
எங்கள் எல்லோருக்கும் திடீரென்று
மேகத்தில் ஏதோ பார்க்கவேண்டியிருந்தது.

ஒரெஸ்ட் முழங்காலில் இறங்கி
பூஜ்யத்தைப் பிடித்தான்.

"பதினாலரை."
"இந்தப் பக்கம்?"
"பதினாலு."
"அது தெறித்தது. கணக்கில் வராது."
"வரும்."
"எவன் சொன்னான்?"

பதினோரு வருடம் கழித்து
முதல் பேச்சு.
கைதட்ட நினைத்தவர்களை
நோரீன் கண்ணாலேயே அடக்கினாள்.

பத்து மணிக்கு மேசையை மடித்து
வண்டியின் முகப்பு விளக்கில் எண்ணினேன்.
பம்புக்கு ஐயாயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது.
விலை பதினோராயிரம்.
பரிசு இரண்டாயிரத்தைத் தனி உறையில் போட்டு
பெயர் எழுதும் இடத்தை
வெறுமையாய் விட்டேன்.

அங்கே இருட்டில் நாடா இன்னும்
விரிந்தும் சுருண்டும் சத்தமிட்டது.
வாய்க்காலின் நீளம் ஒரு தடவை
காதில் விழுந்த மாதிரி இருந்தது.

பீட்ரிஸை டிரெய்லருக்கு நடத்திப் போனாள் நோரீன்.
ஏறும் முன்
எந்தத் தயக்கமும் இல்லாமல்
இன்னொரு முறை போட்டாள்,
கோட்டுக்கு வெளியே,
யாரும் பத்து டாலர் கொடுக்காத புல்லில்.