தீன்பை

பீடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டுப்
புள்ளிச்சியை மடியில் எடுக்கிறேன்.
கழுத்தடியில் தீன்பை
இன்றைக்கும் கல்லு.
சோப்புப் போட்டும் போகாத புகையிலை நெடிக்கு
முதலில் தலையைத் திருப்பும்.
அப்புறம் விட்டுக்கொடுக்கும்.
விரலால் நீவ நீவ
உள்ளே அரிசி நகர்வது தெரியும்,
நனைத்த இலைக்கட்டு இளகுகிற மாதிரி.

முட்டை நின்று மூணு வருஷம்.
"சவத்த அறுத்துக் கொழம்பு வையிட்டி,
ஒனக்கே மருந்துக்கு வழியக் காணோம்"
என்கிறாள் செல்லக்கனி.
முக்கூடல் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரும்
அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக.
எழுதித் தந்த பாட்டில் நாற்பத்தைந்து ரூபாய்.

நேற்றுக் கடையில் கணக்கப்பிள்ளை
என் கட்டைப் பிரித்து
எண்பத்திரண்டு பீடியை வெட்டு என்று தள்ளினான்.
சூம்பல், வளைசல்.
ஒவ்வொன்றாக நொறுக்கினான்.
நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி மழை. அடுப்படியில்
பழைய இலைச்சாக்கை விரித்து
அதைப் படுக்கப்போட்டேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
சத்தமே இல்லை.
இருட்டில் கையை நீட்டினேன்.
நறுக்கென்று ஒரு கொத்து.

சரி.
லைட்டைப் போடவில்லை.