மழை நாள் நீங்கலாக

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நகல் கடை.
இயந்திரம் இரண்டு. ஒன்று படுத்துவிட்டது.
விடிகாலை மழை, பால்வெட்டு இல்லை,
தோட்டமே ஐசி நகலெடுக்க வந்த மாதிரி கூட்டம்.

கூட்டம் கரையும்வரை ஓரமாய் நின்றார்
மளிகைக் கடை அடைக்கலம்.
பிளாஸ்டிக் பைக்குள் ஒரு வங்கியின்
கடன் அட்டை ஒப்பந்தம்:
முப்பத்தாறு பக்கம், எறும்பு எழுத்து.
"இதே மாதிரி, தமிழில், ஒரே பக்கத்தில்.
நானும் அட்டை போடப்போகிறேன்."

555 நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டதாம்.
பாதி லயத்தின் பாக்கி
கரையான் வயிற்றில்.
இனி அட்டைதான். எண் போட்டு, லேமினேட் செய்து,
மூலையில் ஒரு சேவல்.
ஏன் சேவல் என்று நான் கேட்கவில்லை.

நான் வாசிக்க, அவர் வெட்டினார்.
'முன்னறிவிப்பின்றி விதிகளை மாற்றும் உரிமை.'
"அது இருக்கட்டும்."
'தாமதக் கட்டணம்.'
வெளியே பார்த்தார்.
தகரக் கூரையிலிருந்து கயிறு கயிறாய் இறங்கியது.
"மழை நாளைக் கழித்துவிடு, தங்கச்சி.
மரம் நனைந்திருந்தால் கூலி ஏது?"
'அட்டைதாரர் இறந்தால்.'
நெடுநேரம் பேசவில்லை.
"பேச்சாயி புருஷன் போனபோது
அரிசிக் கணக்கு அறுபது வெள்ளி நின்றது.
நான் கேட்கவில்லை. அவளே கொண்டுவந்து வைத்தாள்.
அதை எப்படி எழுதுவாய்?"
எனக்கும் தெரியவில்லை. கோடு ஒன்று போட்டு விட்டேன்.

இருபத்தொன்பதாம் பக்கம் திருப்புகையில்
விழுந்தது மடித்த கடிதம்.
சிவப்பு முத்திரை, பதினாலு நாள், அவர் பெயர்,
பதினோராயிரத்துச் சொச்சம்.
குனிந்தெடுத்து
மடித்த மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தேன்.
சட்டைப்பை சிறியது.
பாதிக் கடிதம் வெளியே நின்றது.

"கையெழுத்து எங்கே?"
"கீழே. வாடிக்கையாளர் போடுவார்."
"வங்கி எங்கே போட்டிருக்கிறது?"
இருவரும் தேடினோம்.
முப்பத்தாறு பக்கத்திலும் இல்லை.
"எனக்கும் ஒரு கோடு போடு," என்றார்.
"நான் போடுவேன்."

தட்டச்சு பன்னிரண்டு வெள்ளி,
நாற்பது நகல் நாலு வெள்ளி.
பைகளைத் தடவிப் பார்த்தவர்
குடையை விரித்தபடி சொன்னார்:
"எழுதி வை."

என்னிடம் நோட்டு இல்லை.
கோணலாய் விழுந்த நகல் ஒன்றின் முதுகில் எழுதினேன்:
அடைக்கலம். பதினாறு.
மழை நாள்.