காற்று இருக்கிறதா

உத்திராடத்துக்கு முந்தின ராத்திரி
புளியரைச் செக்போஸ்ட் தாண்டி
எஸ் வளைவில் ஏறும்போது
இசக்கிதுரையின் காரில் மஞ்சள் விளக்கு எரிந்ததாம்.
அவன் இறங்கவில்லை.
இறங்க வேண்டியதில்லை என்பதுதான்
அந்த டயரின் பெருமை.
காற்று முழுக்கப் போனாலும்
எண்பது கிலோமீட்டர், எண்பதைத் தாண்டாத வேகம்,
தடித்த பக்கச்சுவர் வண்டியைத் தாங்கிக்கொள்ளும்.

கொல்லத்து டாக்டர் ஒருவர் கைகழுவிய ஜெர்மன் கார்.
வாங்கிய அன்று டிக்கியைத் திறந்து காட்டினான்.
ஸ்டெப்னி கிடையாது, அதற்கான குழியும் கிடையாது,
அந்த இடத்தில் இன்னும் இரண்டு மூட்டை கேந்தி.
"எங்க வீட்ல ஸ்டெப்னி வச்சிருந்தது
அண்ணன் மட்டுந்தான்" என்றான்
கூட நின்றவனிடம், என்னைப் பார்த்தபடி.
கூட நின்றவன் சிரித்தான்.
நான் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன்.
அவர் செத்து அப்போது ஐந்து மாதம்.

எனக்கு ஆணி ஏறியது கழுதுருட்டியில்.
ஆம்னியின் பின்னால்
பதினோரு மூட்டைக்கு அடியில் கிடந்தது ஸ்டெப்னி.
மழையில் பதினொன்றையும் இறக்கினேன்.
இருந்தது ஒரே தார்ப்பாய்.
கேந்திக்குப் போர்த்தினேன்;
வாடாமல்லி நனையட்டும், அதற்குப் பேரே அப்படி.
ஸ்பானர்மேல் ஏறி நின்று மிதித்து
நட்டுகளை இளக்கி, ஜாக்கி வைத்து,
மாட்டி இறக்கினால்
அதுவும் தரையோடு உட்கார்ந்தது.

இரண்டு வருஷமாக அதில் நான் காற்றுப் பார்க்கவில்லை.
இருக்கிறது என்கிற நினைப்பை ஏற்றிக்கொண்டுதான்
அத்தனை தடவை மலை தாண்டியிருக்கிறேன்.

அப்போதுதான் அவன் கடந்து போனான்.
பின்சக்கரத்தில் ஒரு முனகல்.
இரண்டு முறை ஹாரன்.
நின்றால் மறுபடி கிளம்புமோ என்று பயந்திருப்பான்,
அவனுக்காக நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு நடந்தேன்.
பதின்மூன்று கண் ரயில்பாலம் பக்கத்தில் வந்தது.
எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டுதான்.
ஒன்றை இருட்டு வைத்துக்கொண்டது.

சஜீவன் கைலியை இறுக்கிக்கொண்டு ஷட்டரைத் தூக்கினான்.
"சேச்சி, உங்க நாட்டுக்காரர் எல்லாருக்கும் ஸ்டெப்னி உண்டு.
காத்து மட்டும் இல்லா."
வால்வு மாற்றிக் காற்றடிக்க எண்பது ரூபாய்.
ஸ்கூட்டரில், எங்கள் இருவருக்கும் நடுவே
சக்கரத்தை வைத்துக் கொண்டுவந்து விட்டான்.

புனலூர் சேரும்போது மணி ஆறேகால்.
நாலு மணிக்கு அவன் கிலோ நூற்றிநாற்பதுக்கு விற்றிருந்தான்.
எனக்கு எண்பத்தைந்து.
வாடாமல்லியை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும்.
நடுக்காட்டில் நனைந்து நட்டு கழற்றுவதைவிட
ஓடிக்கொண்டே இருக்கிற டயர் நல்லது.
பள்ளமெல்லாம் நேரே இடுப்புக்கு வருகிறது என்று
அவனே முனகுவான்; வரட்டும்.
பணம் இருந்தால் நானும் போடுவேன்.

மார்க்கெட் வாசலில் நின்றது கார்.
பக்கச்சுவரில் வெடிப்பு.
ஒட்டக் கூடாது என்று மூன்று கடையில் கைவிரித்தார்கள்.
புதிது கொச்சியிலிருந்து வரணும்,
ஓணம் கழிந்து நாலு நாள் ஆகும்.
விலையைச் சொன்னதும்
போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.
ஊருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர்.
எண்பதில் மிச்சம் முப்பது.

"ஏறு" என்றேன்.

முன்சீட்டில் விற்காத வாடாமல்லி.
பின்னால், ஆணி ஏறிய சக்கரத்தின்மேல்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.
தென்மலை வரைக்கும் பேச்சில்லை.
ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது.
"மதினி," என்றான்.
அந்தச் சொல்லை
அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.
"இதுல காத்து இருக்கா?"

"இல்ல.
சஜீவன் கடையில நிறுத்துவோம்.
நூத்தம்பது ரூவா எடுத்து வை."