வெறும் வயிறு

ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
படியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்,
வெறும் வயிற்றோடு.
எதிரே, டயர் கடை வாசலில்
தையல்நாயகியின் தள்ளுவண்டி.
காட்டுயானக் கஞ்சி கொதிக்கிற வாசனை
முல்லையாற்றுக் காற்றைப் பிடித்துக்கொண்டு
சாலையைக் கடந்துவிடும்.
ரத்தம் கொடுக்க வந்தவர்களை
இதைவிடக் கொடுமையாகச் சோதிக்க
எந்த ஊசியாலும் முடியாது.

"காபி?"
"இல்லம்மா."
"தண்ணி?"
"ஒரு வாய்."
நரம்பைத் தட்டியபடி நான் கேட்பது இவ்வளவுதான்.
ஒரு துளி நீராகாரம், சாமி சத்தியமா என்றார்
கோட்டூர்க்காரர் ஒருவர்.
அவர் துளி ஒரு சொம்பு என்றது
நூற்றெண்பத்தாறு.

வண்டியில் ஒரு தகரப் பலகை தொங்கும்.
மஞ்சள் பெயிண்டில் அவள் தம்பி எழுதியது.
பூங்கார் பெண்களுக்கு.
முடக்கத்தான் மூட்டுக்கு.
வாழைத்தண்டுச் சாறு 'கள்ளுக்கு'.
கல்லைத்தான் அப்படி எழுதிவிட்டான்.
சாயங்காலம் டாஸ்மாக் போகிறவர்கள்
நின்று படித்து
ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.
எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்:
காட்டுயானம் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும்.

ஒன்பதரைக்கு, குழாய்கள் சுழன்று முடிந்ததும்
நானும் போய் நிற்பேன்.
பூங்கார்க் கஞ்சி, சின்ன வெங்காயம், மோர்மிளகாய்,
சுண்டுவிரல் நகமளவு பிரண்டைத் துவையல்.
சரியாக வதக்காத பிரண்டை நாக்கை அரித்துவிடும்.
அவள் வதக்கியது அரித்ததே இல்லை.
ஒன்பதில் கிடந்த என் ஹீமோகுளோபின்
பத்தரைக்கு ஏறியபோது
"கஞ்சியா, ஆஸ்பத்திரி மாத்திரையா?" என்றாள்.
"ரெண்டும்."
"மாத்திரைக்குத் தொட்டுக்கத் துவையல் குடுக்குறாங்களா?"

ஆவணியில் ஒருநாள்
அவளே படியில் உட்கார்ந்திருந்தாள்.
மோதிர விரலில் ஒரு சூட்டுப்புண்,
மூன்று வாரமாக ஆறவில்லை.
"வெறும் வயிறா?"
"ஆமா."
கொஞ்சம் யோசித்து,
"உப்புப் பாத்தேன்."
"எதுல?"
"எல்லாத்துலயும்."

விடிவதற்கு முன்னே ஐந்து பானை.
ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி,
உள்ளங்கையில் ஊற்றி, ஊதி, நக்கி.
பதினோரு வருஷமாக
வெறும் வயிறு என்று ஒன்று
அவளுக்கு இருந்ததே இல்லை.
மூன்று மாதக் கணக்கைப் பார்த்துவிடுவோம் என்றேன்.
அதற்கு உப்புப் பார்த்தாலும் பாதகமில்லை.

ஒன்பது புள்ளி நாலு.

தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்தாள்.
"பலகையப் பாக்காத, சிரிப்பு வரும்."
எனக்கு வரவில்லை.
காட்டுயானம் மெதுவாகத்தான் ஏறும்,
வெள்ளை அரிசி மாதிரிப் பாயாது,
அதில் பொய்யில்லை என்றேன்.
ஆனால், அக்கா,
மெதுவாக ஏறுவதும் ஏறுவதுதான்.

"அப்ப எதுதான் ஓடிப்போவும்?"
"நடங்க. தினம் அரைமணி நேரம்."
ரயிலடிக்கு அந்தப்பக்கமிருந்து
ஐந்து பானையோடு வண்டியைத் தள்ளிவருகிற தூரத்தை
அவள் சொன்னாள்.
நான் பஞ்சை எடுத்து
அவள் முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டிருந்தேன்,
ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.

அடுத்த திங்கள்
'ஓடிப்போகும்' மேல் தார் பூசியிருந்தது.
பக்கத்தில் சாக்பீஸில், அவள் கையெழுத்து:
அளவாக. மாத்திரையை நிறுத்தாதீங்க.
கோட்டூர்க்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு
அரைக் குவளை கேட்டார்.
முழுக் குவளைக்கான காசை நீட்டி
மீதியை வாங்க மறந்து போனார்.
'கள்ளுக்கு' மட்டும் அப்படியே இருக்கிறது.
அதற்கென்று ஆட்கள் வருகிறார்களாம்.

இப்போது உப்புப் பார்ப்பது
டயர் கடைப் பையன் அன்வர்தீன்.
ஐந்து பானையிலும் பார்த்துவிட்டு
ஆறாவதாக ஒரு சொம்பும் குடிக்கிறான்.
பதினேழு வயது, என்ன குடித்தாலும் எரியும்.
அவன் நாக்குக்கு எதிலும் உப்புப் போதாது.
கஞ்சி கொஞ்சம் கரிக்கிறது.

பலகையில், கீழ் ஓரத்தில்,
பிரஷர்க்காரர்களுக்கு
இன்னும் ஒரு வரி இடமிருக்கிறது.