எண்பத்தைந்து சென்டிமீட்டர்

பிப்ரவரியில் உறைந்த நடைபாதையில் வழுக்கி
இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் ஹில்கா.
எலும்பு கூடிவிட்டது. விரல் கூடவில்லை.
ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே
முன்பு ஓர் ஆறு ஓடும்,
இப்போது வாய்க்கால்.

பழைய பேஸை விற்றாள். குட்டைக் கழுத்து ஒன்று கிடைத்தது,
தேன் நிறம், உள்ளே கூடு.
விற்றவன் நேர்மையானவன்:
"தந்தி செத்துப்போச்சு, மாத்திக்கோ."

தம்பேரே நகரத்தில்
குண்டுக்குப் பயந்து குடைந்த நிலவறைகளில்
குண்டு விழாத வருடங்களில்
இசைக்குழுக்கள் ஒண்டியிருக்கின்றன.
இரும்புக் கதவு, ஈரச் சுவர்,
செவ்வாய்தோறும் தைஸ்தோவின் அக்கார்டியன்,
ஊர்ஹோவின் டிரம்ஸ்,
ஆடுவதற்கு ஆளில்லாத டாங்கோ.

வீட்டில் கிடந்த நெடுந்தந்திகளையே முதலில் பூட்டினாள்.
மிச்சத்தை நறுக்கினால் ஆயிற்று.
பேக்கரியில் பிழைப்பவளுக்கு
மாவில் மிச்சம் என்றால் நறுக்குவதுதான்.
தந்தி மாவு இல்லை.
முனையில் அது மெலியும் ஓர் இடம் உண்டு, நீல நூல் சுற்றிய இடம்.
முறுக்காணி கேட்பது அந்த மெலிவை.
இவள் கொடுத்தது தடித்த உடம்பை.
வளைய மாட்டேன் என்று விறைத்து நின்றது ஈ.
இரண்டாம் நாள் இரவு, தொடுவாரின்றி,
அடுத்த அறையில் அறுந்து சுவரில் அறைந்தது.
கணவன் விழித்துக் கேட்டான்: "என்னது?"
"ஈ."
"மார்ச் மாசத்துல ஏது ஈ,"
என்றவன் திரும்பிப் படுத்தான்.

அடுத்து, உறையில் 'குட்டை' என்று அச்சிட்டதை நம்பினாள்.
மெலிந்த கட்டு, மலிந்த விலை.
பாலத்துக்கு வெகு பின்னால், வாலில் கொளுவும் கருவி இது.
உலோகச் சுற்று வழியிலேயே தீர்ந்துபோய்
முதல் கட்டையின் மேல் நூல்தான் படுத்திருந்தது.
எஃப் சுரம் போர்வைக்குள் இருமியது.
தொளதொளத்த ஈயோ
புட்டிக்குள் மாட்டிய ஈயேதான்.

அன்றைக்குத்தான் அளந்தாள்.
கேக் பெட்டி கட்டும் நூலால்,
வால் கொளுவியிலிருந்து தலைப்பள்ளம் வரை:
எண்பத்தைந்து.
கருவியின் தாளிலோ எழுபத்தாறு.
பெயரில் உள்ள நீளம் வேறு,
தந்தி நடந்தாக வேண்டிய தூரம் வேறு.

கடையில் மெர்வி நூலை வாங்கிப் பார்த்தாள், சிரிக்கவில்லை.
"நடுத்தர அளவு எடுங்க. ரவுண்டா, ஃப்ளாட்டா?"
ரவுண்டைத் தடவினாள்: அரம்.
ஃப்ளாட்டைத் தடவினாள்: அடுப்பிலிருந்து எடுத்து
ஆறவைத்த தட்டின் விளிம்பு.
"ஃப்ளாட் இழுக்கும். இந்தக் கழுத்து தாங்குமான்னு
நான் சத்தியம் பண்ண மாட்டேன்.
இழுவை கம்மியா ஒண்ணு இருக்கு. அம்பத்தெட்டு யூரோ."
ஹில்கா மனதுக்குள் ரொட்டிகளை எண்ணினாள்,
பாதியில் எண்ணிக்கை தவறவிட்டு,
பையைத் திறந்தாள்.

நிலவறையில் தைஸ்தோ வாசிப்பை நிறுத்தினான்.
"நீ வாசிக்கிறியா, இல்லையா?"
மினுக்கமில்லை, நகமில்லை,
சிமெண்ட் சுவர் திருப்பித் தர ஒன்றுமில்லை.
"அந்தக் கரகரப்பு எங்கே? அதுதானே நீ?"
அவள் பதில் சொல்லவில்லை.
ஆனால் வீடு திரும்பும் டிராமில்
ரவுண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று போனில் தேடினாள்.
ஜி தந்தியை மட்டும் மாற்றியும் பார்த்தாள்,
மறுபடி மாற்றினாள்.

ஜூன் கடைசி. இருட்டாத இரவு.
ஏரிக்கரை நடன மண்டபத்தில்
பலகைத் தளம், கொசு, ஈரமான சட்டைகள்.
இரண்டாவது டாங்கோவில் அவள் ஈயைத் தொட்டாள்.
பலகைக்கு அடியில் யாரோ
கனமான பெட்டியை மெதுவாக இறக்கி வைத்ததுபோல் இருந்தது.
பெண்களின் முதுகில் ஆண்களின் கைகள்
கொஞ்சம் தாழ்ந்தன. அவ்வளவுதான்.

இடைவேளையில் பீர் குடித்தபடி தைஸ்தோ சொன்னான்:
"இன்னிக்கும் நீ காதுல விழவேயில்ல."
பதினெட்டு வருடமாகத் தாளத்தை முந்திக்கொண்டு
ஓடிய அவனுடைய இடது கால்
இன்றைக்கு முழுக்க ஓடவில்லை.
ஹில்கா அதைக் கவனித்தாள்.
ஊர்ஹோவும் கவனித்தான்.

"சரி," என்று சொல்லி
ஏவை அரைத் திருகு ஏற்றினாள்.