லேயர் பதினான்கு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடித் திறக்கிற
இருபது நிமிஷத்தில்
ஒரு ஆளைக் குடும்பத்திலிருந்து எடுத்துவிடலாம்.

காதணி விழா ஃபிளெக்ஸ், பத்துக்கு எட்டு.
அடியில் தங்க நிறத் திரை,
அதன்மேல் பிள்ளையார், அதன்மேல் சொந்தங்கள்,
எல்லோர் தலைக்கும் மேலே எழுத்து.
பதினான்காவது லேயரில்
தாய்மாமன் வைரக்கண்ணு.

"அவனைத் தூக்கிடும்மா" என்கிறார் குழந்தையின் அப்பா.
முறைத் தண்ணீரை ராவோடு ராவாகத்
தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டானாம்.
மடைப்பலகை, மண்வெட்டி, போலீஸ் ஸ்டேஷன்.
நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

லேயரின் பக்கத்திலிருக்கும் கண்ணில் ஒரு தட்டு.
மாமன் இல்லை.
நின்ற இடத்தில் தங்கத் திரை,
ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

ஆனால் குழந்தையின் தோளில் நான்கு விரல்கள்.
போன மாசம் நான் வெட்டியபோது
பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை.
ஒன்றில் நெளிமோதிரம். நகக்கண்ணில் சேறு.

பெரிதாக்கினேன்.
பாவாடைச் சட்டையின் பூவை எடுத்தெடுத்து ஒற்றினால்
பத்து நிமிஷ வேலை.
சுண்டுவிரலை மறைத்துப் பார்த்தேன்,
தோள் சரிந்த மாதிரி இருந்தது.
கன்ட்ரோல் இசட்.

அவர் சம்சாரம் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.
வாசலிலிருந்தே ஒன்று மட்டும் கேட்டாள்:
"அழிச்சிட்டியா, மறைச்சிருக்கியா?"
"மறைச்சிருக்கேங்க்கா."

மன்னார்குடி வண்டி போய் கேட் தூக்கியதும்
எல்லா ஹாரனும் ஒன்றாய்க் கத்தியது.
அவர் அவசரத்தில்
தன் பெயருக்குப் பின்னால் பி.காம். இருக்கிறதா என்று மட்டும்
பார்த்தார்.

பிரிண்ட்டுக்கு அனுப்பிவிட்டேன்.
எட்டடி உயரத்தில்
ஒவ்வொரு விரலும் ஒரு சாண் வரும் என்பதைச்
சொல்ல மறந்துபோனது.